பழ மரத்தின் பசியறிந்த விஞ்ஞானி

நெல்லோ சோளமோ ஒரு போகம் பொய்த்துப் போனால், அடுத்த போகத்தில் அதனை ஈடு செய்து கொள்ளலாம். பழ மரம் அத்தகையதன்று. கன்று நட்டு, நீர் வார்த்து, வேலி கட்டிக் காத்து, ஆண்டுகள் பல பொறுத்திருந்த பின்னரே அது பலன் தருகிறது. பலன் தரும் பருவத்தில் மரம் நோயுற்றால் விவசாயி இழப்பது ஒரு பருவத்து வருவாயை மட்டுமன்று. தம் வாழ்நாளில் ஒரு பகுதியையே இழந்து விடுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எலுமிச்சை விவசாயி ஒருவர் நம்மைக் காண வந்தார். அவரது தோட்டத்து மரங்களில் நுனிக் கிளைகளின் இலைகள் சிறுத்துக் குறுகி, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பாய்ந்து, கொத்துக் கொத்தாக நின்றன. “பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தேன் ஐயா, இப்படி நோஞ்சானாகப் போகின்றனவே!” என்று வருந்தினார். நாம் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தோம். உரம் போதவில்லை என்று சொன்னோம். அவரும் நம் சொல்லை நம்பிக் கடன் வாங்கி ஆட்டுக்கிடை அமர்த்தினார், டி.ஏ.பி. உரமும் மூட்டைக் கணக்கில் இட்டார். மறு ஆண்டு மரங்கள் முன்னிலும் மோசமாயின. மனம் வெறுத்த அவர் ஒரு பகுதி மரங்களை வெட்டி விறகுக்கு விற்று விட்டார். அதன் பின்னரே தோட்டக்கலை அலுவலர் ஒருவர் வந்து பார்த்து, இது துத்தநாகச் சத்துக் குறை என்று கண்டு, எஞ்சிய மரங்களுக்குத் துத்தநாக சல்பேட் தெளிக்கச் செய்தார். அடுத்து வந்த துளிர்களில் இலைகள் அகன்று பசுமை கொண்டன. தெளித்த மரங்கள் தேறின. வெட்டிய மரங்கள் தேறுமா?

நாம் சொன்ன ஒரு சொல்லின் விலை அது. அந்த வருத்தத்தோடு நூல்களைப் புரட்டியபோதுதான், இதே நோய்க்கு முதன்முதலில் காரணம் கண்ட அறிஞர் ஒருவரின் வரலாறு நமக்குத் தெரிய வந்தது. பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்து கொள்ள வேண்டிய பாடம் அதில் அடங்கியிருப்பதால், அதனை இங்கே எடுத்துரைக்கிறோம்.

குளிரை ஆராய்ந்த இளைஞர்

அவ்வறிஞரின் பெயர் வில்லியம் ஹென்றி சாண்ட்லர். 1878ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். அம்மாநிலப் பல்கலைக் கழகத்திலேயே பயின்று 1905ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். தோட்டக்கலை ஆராய்ச்சியிலும் அங்கேயே இறங்கினார்.

அந்நாட்டு விவசாயிகளை அப்போது வாட்டிய தொல்லை குளிர். பீச் மரத்தின் மொட்டுக்கள் குளிர்காலத்தில் கருகி மடிந்து விடுவதுண்டு. குளிர்காலத்தின் நடுவே சில நாட்கள் வெப்பம் தலைகாட்டும். அதனை நம்பி மொட்டுக்கள் உறக்கம் கலைந்து பருக்கத் தொடங்கும். உடனே கடுங்குளிர் திரும்பி வந்து அவற்றை அழித்து விடும். “எத்தனை பாகை குளிரில் மரம் சாகும்?” என்பதே விவசாயிகளின் கேள்வி.

சாண்ட்லர் பல ஆண்டுகள் சோதனை செய்து 1913ஆம் ஆண்டில் தமது ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார். அதன் சாரம் யாதெனில், அக்கேள்விக்கு ஒரே எண்ணை விடையாகக் கூற முடியாது என்பதே. குளிர் மெல்ல மெல்ல இறங்கினால் மரம் தாங்கிக் கொள்கிறது. அதே குளிர் திடீரென இறங்கினால் மடிகிறது. நன்கு முற்றிய கிளை பிழைக்கிறது. பருவம் கடந்து துளிர்த்த இளங்கிளை கருகுகிறது. மண்ணுக்கு மேல் நிற்கும் கிளைகளைக் காட்டிலும் மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேர் குளிருக்கு எளிதில் பலியாகிறது. ஆகவே மரத்தின் தாங்கும் சக்தி அதன் இனத்தை மட்டும் பொறுத்ததன்று. அதன் பருவம், முதிர்ச்சி, வளர்ப்பு முறை ஆகியவற்றையும் பொறுத்தது என்பது தெளிவாயிற்று.

இதனை நமது விவசாயி வேறு விதமாக அறிவார். வெயிலில் பழகிய நாற்றும், நிழலில் வளர்ந்து திடீரென வெயிலுக்கு வந்த நாற்றும் ஒரே கோடையை ஒன்று போலத் தாங்குவதில்லை அன்றோ? தாம் கண்ணால் காண்பதை அளந்து பார்த்து உறுதி செய்யும் பழக்கம் சாண்ட்லருக்கு இளமையிலேயே படிந்து விட்டது. அப்பழக்கமே பின்னர் பெரும் பயன் விளைத்தது.

அவர் 1913ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்துக் கார்னெல் பல்கலைக் கழகத்திற்குச் சென்றார். அங்கே கவாத்து முறைகளை ஆராய்ந்து, இளமரங்களை அளவுக்கு மீறி வெட்டினால் அவை குன்றிப் போகும் என்பதைக் காட்டினார். 1923ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்லி கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

கலிபோர்னியாவின் “சிறு இலை”

கலிபோர்னியா பழத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற மாநிலம். அதன் நடுவே அமைந்த சான் வாக்கின் பள்ளத்தாக்கின் மணற்பாங்கான நிலங்களில் பீச், ஆப்ரிகாட், பிளம், வால்நட், திராட்சை முதலியவற்றை “சிறு இலை” என்னும் நோய் பீடித்திருந்தது. வசந்த காலத்தில் துளிர்க்கும் இலைகள் அகலமின்றி, நீளமின்றி, மஞ்சள் படர்ந்து தோன்றும். கணுக்களின் இடைவெளி குறுகி, கிளை நுனியில் இலைகள் ஒரு கொத்தாக நிற்கும். கொத்துக்குக் கீழே கிளை வெறுமையாக இருக்கும். காய்கள் சிறுத்துக் கோணலாகும். ஆண்டுக்கு ஆண்டு கிளைகள் காய்ந்து, முடிவில் மரமே பட்டுப் போகும்.

இந்நோயில் விந்தையான செய்தி ஒன்று இருந்தது. முன்னாளில் ஆடு மாடுகளை அடைத்து வைத்த பட்டி நிலங்களில்தான் இது மிகக் கடுமையாகத் தோன்றிற்று. எருவும் கோமியமும் ஊறிய நிலமல்லவா அது? எந்த விவசாயியும் அதனை முதல் தரமான மண் என்றே கூறுவார். அம்மண்ணில் பழ மரங்கள் நோயில் வாடின. பசியினால் வரும் நோய் என்றால், சாப்பாடு நிறைந்த வீட்டில் அது எப்படி வந்தது? இக்கேள்விக்கு நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை.

அன்னபேதி காட்டிய வழி

சாண்ட்லர் தனியாக இதில் இறங்கவில்லை. தாவரங்களின் உணவைப் பற்றி ஆழ்ந்து கற்ற டி. ஆர். ஹோக்லண்ட் என்பவரும், இரசாயன அறிஞர் பி. எல். ஹிப்பர்டு என்பவரும் அவருடன் சேர்ந்து கொண்டனர்.

நோயுற்ற மரங்களின் அடியில் பற்பல உப்புக்களை இட்டுப் பார்த்தனர். அவற்றுள் ஒன்று, நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் அன்னபேதி. இரும்புச் சத்து அடங்கிய உப்பு. அதனை மிகுந்த அளவில் இட்டபோது மரங்கள் தேறின! இலைகள் அகன்றன, கிளைகள் நீண்டன.

இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? “இரும்புக் குறைதான் நோய், எல்லாரும் அன்னபேதி இடுங்கள்” என்று கூட்டம் போட்டு அறிவித்திருப்போம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. கடைச் சரக்கான அன்னபேதிக்குப் பதிலாக, நன்கு சுத்தம் செய்த இரும்பு உப்பை வேறு மரங்களுக்கு இட்டுப் பார்த்தனர். மரங்கள் தேறவில்லை. ஆகவே குணம் தந்தது இரும்பு அன்று. கடைச் சரக்கில் அழுக்காகக் கலந்திருந்த வேறு ஏதோ ஒன்று என்பது வெளியாயிற்று. அந்த அழுக்கு துத்தநாகம். துத்தநாக உப்பைத் தனியே கொடுத்தபோது மரங்கள் ஐயத்திற்கு இடமின்றிக் குணமடைந்தன. 1931ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளில் இம்முடிவுகள் அடுத்தடுத்து வெளியாயின.

பயிர்களுக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்பதை அதே பெர்க்லியில் சோமர், லிப்மன் என்னும் இருவர் 1926ஆம் ஆண்டிலேயே கண்ணாடிச் சாலைச் சோதனைகளால் காட்டியிருந்தனர். ஆயினும் தோட்டத்து மரம் அதன் குறையால் சாகக்கூடும் என்று எவரும் எண்ணவில்லை. மரத்திற்கு வேண்டிய அளவு அத்துணைச் சிறியது!

ஆணியும் வாளியும்

நோயின் காரணம் தெரிந்த பின்னரும் மருந்தைக் கொடுக்கும் வழி எளிதாக இல்லை. மண்ணில் இட்ட துத்தநாகத்தைப் பல நிலங்கள் இறுகப் பற்றிக் கொண்டு வேருக்கு விட மறுத்தன. ஒரு நிலத்தில் சிறிது இட்டால் போதும்; மற்றொரு நிலத்தில் கூடை கூடையாக இட்டாலும் பயனில்லை. ஆதலால் இலையுதிர்ந்து மரம் உறங்கும் காலத்தில் துத்தநாக சல்பேட் கரைசலைக் கிளைகளில் தெளிக்கும் முறை வழக்கில் வந்தது. தெளிப்பு சரிவரப் பயன்படாத வால்நட் போன்ற மரங்களின் தண்டில் துத்தநாகத் துண்டுகளையும், துத்தநாகம் பூசிய ஆணிகளையும் அடித்து வைத்தனர். மரத்தின் சாறு அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துக் கொண்டது.

இதே காலத்தில் லூயிசியானா மாநிலத்தில் பெக்கான் என்னும் கொட்டை மரத்திற்கு வந்த இதே போன்ற நோயை வேறு சிலர் ஆராய்ந்து வந்தனர். அவர்களும் இரும்பு உப்பையே கரைத்துத் தெளித்தனர். சில வேளைகளில் குணம் கண்டது. சில வேளைகளில் காணவில்லை. காரணம் தேடியபோது, துத்தநாகம் பூசிய வாளிகளில் கரைத்த மருந்து மட்டுமே குணம் தந்தது என்பது தெரிந்தது. மருந்து வாளிக்குள் இருந்த கரைசலில் இல்லை. வாளியின் சுவரில் இருந்தது! அவர்களது முடிவு 1932ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒருவரை ஒருவர் சாராத இரு சோதனைகள் ஒரே உண்மையில் வந்து முடிந்தது, அவ்வுண்மைக்குக் கிடைத்த உறுதியான சான்றாகும்.

பட்டி நிலத்தின் புதிர்

இலை சிறுத்ததன் காரணமும் பின்னர் விளங்கிற்று. கணுக்கள் நீளவும் இலை விரியவும் தூண்டும் வளர்ச்சிப் பொருள் ஒன்று செடிக்குள் உண்டு. துத்தநாகம் குறைந்தால் அப்பொருளும் குறைந்து போகிறது என்பதை ஸ்கூக் என்னும் அறிஞர் 1940ஆம் ஆண்டில் காட்டினார்.

பட்டி நிலத்துப் புதிருக்கும் நாம் இன்று பொருள் கூற முடியும். மண்ணில் மணிச்சத்து அளவு மீறிச் சேருமானால் பயிருக்குத் துத்தநாகம் எட்டாமற் போகும். மண்ணில் அது இருக்கும், மரத்திற்குக் கிடைக்காது. பந்தியில் இலை நிறையச் சோறு படைத்திருந்தும், ஒரு சிட்டிகை உப்பு இல்லாமையால் உண்ண முடியாத நிலை அது. நமது எலுமிச்சை விவசாயிக்கு நாம் கூறிய யோசனை, சோற்றின் மேல் சோறாகக் கொட்டும் யோசனையாக முடிந்தது. ஆட்டுக்கிடை நல்ல எரு என்பதில் ஐயமில்லை. அதனைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. பசி எதற்கு என்று அறியாமல் உணவு படைத்ததே பிழை.

குளிரும் ஓர் உணவு

சாண்ட்லர் தமது பழைய ஆராய்ச்சியையும் மறக்கவில்லை. கலிபோர்னியாவில் குளிர்காலம் மிதமாக இருந்த ஆண்டுகளில் பீச் முதலிய மரங்கள் வசந்தத்தில் சரியாகத் துளிர்க்காமல் தடுமாறின. இலையுதிர்க்கும் இம்மரங்களின் மொட்டு விழிப்பதற்கு முன்னர் குறிப்பிட்ட அளவு குளிரில் உறங்கி எழ வேண்டும். எந்த இனத்திற்கு எவ்வளவு என்பது வேறுபடும். இதனை ஆராய்ந்து அவரும் உடன் உழைத்தவர்களும் 1937ஆம் ஆண்டில் ஒரு வெளியீட்டை அளித்தனர். மிசௌரியில் மரத்தைக் கொன்ற குளிரே கலிபோர்னியாவில் அதற்கு வேண்டிய தேவையாக இருந்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பீச், பிளம், பேரி வளர்ப்போர் குறைந்த குளிரில் விழிக்கும் இரகங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

1938ஆம் ஆண்டில் சாண்ட்லர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கல்லூரிக்கு மாறினார். 1948ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற பின்னரும் எழுத்தை விடவில்லை. இலையுதிரும் பழ மரங்களைப் பற்றி 1942ஆம் ஆண்டில் நூல் எழுதிய அவர், எலுமிச்சை, ஆரஞ்சு, மா முதலிய பசுமை மாறாத மரங்களைப் பற்றிய நூலை 1950ஆம் ஆண்டில், எழுபது வயது கடந்த நிலையில் வெளியிட்டார். 1970ஆம் ஆண்டில் தமது 92ஆம் வயதில் காலமானார்.

நமது நிலங்களுக்கு வருவோம்

துத்தநாகக் குறை கலிபோர்னியாவோடு நிற்கும் செய்தியன்று. நமது நாட்டில் 1966ஆம் ஆண்டில் பந்த்நகரில் நெனே என்னும் அறிஞர், நெற்பயிரைத் துரு நிறமாக்கி வாட்டிய “கைரா” என்னும் நோய் துத்தநாகக் குறையே என்று கண்டறிந்தார். இன்று தமிழ்நாட்டில் நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து இடுவது பலரும் அறிந்த வழக்கம். எலுமிச்சைத் தோட்டங்களில் மட்டும் இன்னமும் பலர் இதனை மறந்து விடுகின்றனர். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ளுமாறு கேட்டுக் கொள்கிறோம்.

1. முதலில் இலையைப் பாருங்கள். துத்தநாகக் குறையில் இளந்துளிர் இலைகள் சிறுத்துக் குறுகும். நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இலையின் இரு பாதியும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். இரு பாதியும் ஒவ்வாமல் திட்டுத் திட்டாக மஞ்சள் படருமாயின், அது துளிரில் சாறு உறிஞ்சும் பூச்சியால் பரவும் கிரீனிங் நோயாக இருக்கக்கூடும். அந்நோயைத் துத்தநாகம் போக்காது. ஐயம் இருந்தால் தோட்டக்கலை அலுவலரை அழைத்துக் காட்டுவதே முறை.

2. மண்ணைச் சோதியுங்கள். 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டத்தில் சோதிக்க வகுத்த 12 இனங்களுள் துத்தநாகமும் ஒன்று. அட்டை வைத்திருப்போர் அதனைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், துத்தநாகத்திற்கு எதிரே எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

3. எலுமிச்சைக்கு 100 லிட்டர் நீரில் 500 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்து, மார்ச், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதுத்துளிர் வந்த பின் தெளிக்கலாம். இலை கருகாதிருக்க 250 கிராம் நீற்றிய சுண்ணாம்பைத் தனியே கரைத்து, வடிகட்டி, அக்கரைசலோடு சேர்த்துக் கொள்ளலாம்.

4. துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி. உரத்தோடு கலந்து இடலாகாது. இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகி, இரண்டின் பயனும் குறையும்.

5. வாங்கும் பையின் மேல் துத்தநாகம் 21 சதவீதமா, 33 சதவீதமா என்று பார்த்து, இரசீது பெற்று வாங்குங்கள். பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் மக்னீசியம் சல்பேட்டைக் கலந்து விற்பவர் உண்டு. சாண்ட்லருக்குக் கலப்படம் வழி காட்டிற்று. நமக்கு அது நட்டத்தையே தரும்.

6. எல்லாவற்றிலும் முக்கியமானது இது: எந்தப் புது மருந்தைத் தெளித்தாலும் ஒரு வரிசை மரங்களைத் தெளிக்காமல் விடுங்கள். அடுத்த துளிர் வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் மருந்து வேலை செய்தது; தெரியாவிடில் வேறு காரணம் தேட வேண்டும்.

விடுபட்ட வரிசையின் பாடம்

இந்த ஆறாவது யோசனைக்குச் செலவு ஏதுமில்லை. ஆயினும் இதனைக் கடைப்பிடிப்போர் மிகச் சிலரே. மழை பெய்து மரம் தழைத்தாலும் மருந்துக்குப் பெயர் கிடைக்கிறது. மருந்து பொய்த்தாலும் மழையின் மேல் பழி விழுகிறது. ஒப்பிடுவதற்கு ஒரு வரிசை இல்லாதவரையில் உண்மையை எவரும் அறிய முடியாது. சாண்ட்லர் சுத்தமான உப்பையும் கடைச் சரக்கையும் ஒப்பிட்டுப் பாராதிருந்தால், கலிபோர்னியா விவசாயிகள் அன்னபேதியைக் கொட்டிக் கொண்டே இருந்திருப்பார்கள். மரங்களும் செத்துக் கொண்டே இருந்திருக்கும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கிராம சபைக் கூட்டத்தில் ஒரு விவசாயி தம் தோட்டத்து நோயைச் சொல்லும்போது, உடனே ஆளுக்கொரு மருந்து கூறுவதை விடுத்து, ஒரு கிளையை ஒடித்து வரச் சொல்லி எல்லாரும் பார்க்கலாம். அலுவலர் கூறும் யோசனையானாலும், “எதைக் கொண்டு இப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கேட்கலாம். அன்று அக்கேள்வியை எவரேனும் நம்மிடம் கேட்டிருந்தால், அம்மரங்கள் இன்றும் நின்று காய்த்துக் கொண்டிருக்கும்.

அவ்விவசாயி வெட்டிய இடத்தில் இப்போது புதுக்கன்றுகள் நட்டிருக்கிறார். அண்மையில் அவ்வழி சென்றபோது, தெளித்த வரிசைகளின் ஓரத்தில் தெளிக்காமல் விட்ட வரிசை ஒன்றைக் காட்டினார். “இனி இதைக் கேட்டுத்தான் மருந்து வாங்குவது, ஐயா” என்றார். நாமும் இனி அவ்வரிசையைக் கேட்ட பின்னரே யோசனை கூறுவது என்று தீர்மானித்துக் கொண்டோம்.